நிறம் எங்கே போயிற்று?

(அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘உலோக நானோ துகள் ஒளிவினையூக்கிகளும் நீர்த் தூய்மையும்’ என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். தலைப்பைக் கேட்டதும் முன்வரிசையில் இரண்டு பேர் கைபேசியை எடுத்துவிட்டீர்கள். தப்பில்லை, நானும் எடுத்திருப்பேன். அதனால் தலைப்பை அப்புறம் பார்ப்போம். முதலில் நான் செய்த ஒரு தவறைச் சொல்லிவிடுகிறேன்.

நான் திருப்பூரை அடுத்த ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் பட்டதாரி ஆசிரியர். சில ஆண்டுகளுக்கு முன் அறிவியல் கண்காட்சிக்கு ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியை அழைத்துப் போனேன். ஒரு கண்ணாடி முகவையில் மெத்திலீன் நீலக் கரைசல். அதில் ஒரு சிட்டிகை துத்தநாக ஆக்சைடு. காலையில் வெயிலில் வைத்தோம். நடுவர்கள் வந்து சேர்ந்தபோது நீலம் போய், அடியில் வெள்ளைப் பொடியும் மேலே தெளிந்த நீருமாக இருந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். பரிசும் வந்தது. அட்டையில் பெரிய எழுத்தில் ‘நானோ தொழில்நுட்பம்: சாயக்கழிவு இனி நன்னீர்’ என்று எழுதியிருந்தோம். அந்த வாசகம் என்னுடையது. பொடி ரசாயனக் கடையில் வாங்கிய சாதாரணப் பொடிதான். ‘நானோ’ என்று இருந்தால் நடுவர்கள் சற்று நின்று பார்ப்பார்கள் என்று நானே சேர்த்தேன்.

திரும்பி வரும் வழியில், வேனில், அந்தப் பெண் கேட்டாள்: “சார், நிறம் போன தண்ணிய எங்க அப்புச்சி தோட்டத்துக்கு விடலாங்களா?”

அவளுடைய அப்புச்சிக்கு நொய்யல் கரையில் நிலம். நொய்யலைப் பற்றி வெளி மாவட்டத்திலிருந்து வந்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக வந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிற ஆறு. அதன் குறுக்கே 1990களின் தொடக்கத்தில் பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவு தேங்கும் தொட்டியாகிப் போனது. கீழே இருந்த உழவர்கள் தண்ணீர் கேட்டுப் போராடிப் பார்த்திருப்பீர்கள். இங்கே அணையைத் திறக்காதீர்கள் என்று போராட வேண்டியிருந்தது. வழக்குகள் நடந்தன. 2011 ஜனவரியில் சாய, சலவைப் பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அன்று வேலை இழந்த குடும்பங்களின் பிள்ளைகளும் என் வகுப்பில் இருந்தார்கள், நிலம் இழந்த குடும்பங்களின் பிள்ளைகளும் இருந்தார்கள். ஒரே பெஞ்சில்.

அப்படிப்பட்ட ஊரில் ‘விடலாமா’ என்று ஒரு பிள்ளை கேட்டால் அது பாடத்துக்கான கேள்வி இல்லை. எனக்கு விடை தெரியவில்லை. “படித்துச் சொல்கிறேன்” என்றேன். அப்படிப் படித்ததைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் அந்தப் பொடி என்ன செய்கிறது?

துத்தநாக ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு இரண்டும் குறைகடத்திகள். இரண்டும் நமக்குப் பழகிய பொருள்கள். அரிப்புக்குத் தடவும் காலமைன் லோஷனில் முன்னது இருக்கிறது. வெள்ளைப் பெயின்டிலும் பற்பசையிலும் பின்னது. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரைக் கருமணலில் இருக்கும் இல்மனைட் டைட்டானியத்தின் தாதுதான். வெயில்படும் சுவரில் பழைய பெயின்ட் மீது கை வைத்தால் வெள்ளையாக ஒட்டுமே, அதற்கு ஒரு காரணம், பெயின்டில் உள்ள டைட்டானியம் டை ஆக்சைடு வெயிலின் துணையோடு தன்னைப் பிடித்து வைத்திருக்கும் பிசினையே சிதைப்பது. பெயின்ட் தயாரிப்பவர்களுக்குத் தலைவலியாக இருந்த அந்தக் குணத்தைத்தான் நாம் தண்ணீருக்குப் பயன்படுத்தப் பார்க்கிறோம்.

1967இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் கெனிச்சி ஹோண்டாவிடம் ஆய்வு மாணவராக இருந்த அகிரா புஜிஷிமா, டைட்டானியம் டை ஆக்சைடு படிகத்தை ஒரு மின்வாயாகவும் பிளாட்டினத்தை மறு மின்வாயாகவும் நீரில் வைத்து, படிகத்தின் மீது ஒளி பாய்ச்சினார். குமிழிகள் வந்தன. நீர் ஆக்ஸிஜனாகவும் ஹைட்ரஜனாகவும் பிரிந்திருந்தது. 1972இல் நேச்சர் இதழில் இது வெளியானது. அடுத்த ஆண்டு உலகெங்கும் பெட்ரோல் நெருக்கடி வந்ததால், வெயிலிலிருந்து ஹைட்ரஜன் எரிபொருள் கிடைக்குமென்று எல்லாரும் இதன் பின்னே ஓடினார்கள். 1977இல் பிராங்க், பார்ட் என்ற இருவர், இதே பொருளைத் தூளாக நீரில் கலந்து ஒளி காட்டினால் நீரில் உள்ள சயனைடு சிதைகிறது என்று காட்டினார்கள். எரிபொருள் தேடிப் போன பாதையில் நீர்த் தூய்மை என்ற கிளை அங்கே பிரிந்தது. 1985இல் ஜப்பானியர்கள், பிளாட்டினம் ஏற்றிய இதே தூளால் நுண்ணுயிர்களைக் கொன்று காட்டினார்கள்.

நடப்பது என்ன என்பதற்குக் கபடியைத்தான் நான் வகுப்பில் சொல்வேன். குறைகடத்தியில் எலக்ட்ரான்கள் தங்கள் பக்கத்துக் களத்தில் நிற்கின்றன. போதிய ஆற்றலுள்ள ஒளி வந்து தட்டியதும் ஓர் எலக்ட்ரான் கோட்டைத் தாண்டி எதிர்க்களத்துக்குப் பாடிக்கொண்டு போகிறது. அது நின்ற இடம் காலியாகிறது. அந்தக் காலியிடத்துக்குத்தான் ‘துளை’ என்று பெயர். துளைக்கு எலக்ட்ரான் பசி அதிகம். பக்கத்தில் இருக்கும் நீரிடமிருந்தும் ஹைட்ராக்சைடு அயனியிடமிருந்தும் எலக்ட்ரானைப் பறித்து, ஹைட்ராக்சில் தனி உறுப்பு ஒன்றை உண்டாக்கிவிடும். ஆக்ஸிஜனேற்றும் வலிமையில் புளூரினை அடுத்து வைத்துப் பேசப்படும் முரடன் அது. எதிரே எந்தக் கரிம மூலக்கூறு வந்தாலும் கடிக்கும். ஆனால் அதன் ஆயுள் நானோ வினாடிக் கணக்குதான். பிறந்த இடத்தை விட்டு நகர்வதற்குள் செத்துப்போகும். எனவே மாசு அந்தத் துகளின் புறப்பரப்புக்கு வந்து சேர வேண்டும். எதிர்ப்பக்கம் போன எலக்ட்ரானோ, நீரில் கரைந்துள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து இன்னொரு வகைத் தாக்குதலைத் தொடங்கும்.

இவ்வளவும் நடக்க ஒரு நிபந்தனை உண்டு. பாடிப் போன எலக்ட்ரான் உடனே திரும்பி வரக் கூடாது. பெரும்பாலும் அது திரும்பிவிடுகிறது. துளையை நிரப்பி, வாங்கிய ஆற்றலை வெப்பமாக உதறிவிட்டுப் பழையபடி நிற்கும். பட்ட ஒளியில் பெரும்பகுதி இப்படித்தான் வீணாகிறது.

உலோகம் இங்கேதான் வருகிறது. டைட்டானியம் டை ஆக்சைடு துகளின் மேல் வெள்ளி, தங்கம், பிளாட்டினம் போன்ற உலோகத்தின் மிகச் சிறு துகள்களைப் பதித்தால், பாடி வந்த எலக்ட்ரானை அவை பிடித்து வைத்துக்கொள்கின்றன. கபடியில் காலைப் பிடித்து இழுத்து வைத்துக்கொள்கிற பிடிப்பாட்டக்காரர் மாதிரி. அந்த நேரத்தில் துளை தன் வேலையைச் செய்யும். உலோகம் அதிகமானால் நல்லது என்று நினைக்க வேண்டாம். எடையில் ஒரு விழுக்காட்டை ஒட்டிய அளவே பெரும்பாலும் போதும். மிஞ்சினால் ஒளியையும் மறைக்கும், எலக்ட்ரானும் துளையும் சேரும் இடமாகவும் ஆகிவிடும்.

உலோகத்துக்கு இரண்டாவது வேலையும் இருக்கிறது. டைட்டானியம் டை ஆக்சைடில் எலக்ட்ரானைக் கோடு தாண்டவைக்க ஏறத்தாழ 3.2 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். 1240ஐ அந்த எண்ணால் வகுத்தால் நானோமீட்டரில் அலைநீளம் கிடைக்கும். சுமார் 388 வரும். அதாவது புற ஊதா. தரைக்கு வரும் வெயிலின் ஆற்றலில் புற ஊதா நான்கைந்து விழுக்காடுதான். கண்ணுக்குத் தெரியும் ஒளியை அது தொடுவதே இல்லை. அது வெள்ளையாக இருப்பதன் காரணமே இதுதான். ஆனால் நானோ அளவிலான வெள்ளி 400 நானோமீட்டரை ஒட்டியும், தங்கம் 520ஐ ஒட்டியும் ஒளியை வலுவாகக் கவர்கின்றன. உலோகத்தின் எலக்ட்ரான் கூட்டம் மொத்தமாக ஊஞ்சலாடுவதால் வரும் விளைவு இது. தங்கக் கூழ்மம் மஞ்சளாக இல்லாமல் மாணிக்கச் சிவப்பாக இருப்பதும் இதனால்தான். 1857இலேயே மைக்கேல் பாரடே அந்தச் சிவப்பை ஆராய்ந்திருக்கிறார். இப்படிக் கவர்ந்த ஆற்றலில் ஒரு பகுதியை உலோகத் துகள் தன் கீழிருக்கும் குறைகடத்திக்குக் கொடுக்க முடியும். வெயிலின் பெரும்பகுதியைப் பயன்படுத்த ஒரு வாசல் அப்போது திறக்கிறது.

ஏன் நானோ? கணக்காகவே போட்டுப் பாருங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் போட்டுவிடுவார்கள். ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தின் புறப்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே 10 நானோமீட்டர் பக்கமுள்ள கனசதுரங்களாக நறுக்கினால் மொத்தப் புறப்பரப்பு 600 சதுர மீட்டர், ஏறக்குறைய 15 சென்ட் நிலம். ஒரு சுண்டல் அளவுப் பொருள் ஒரு பெரிய வீட்டுமனையாகிவிடுகிறது. வேலையெல்லாம் புறப்பரப்பில் நடப்பதால் இந்தப் பெருக்கம்தான் எல்லாம்.

இனி அந்தப் பெண்ணின் கேள்வி.

நீலம் போயிற்று என்றால் என்ன பொருள்? ஒரு சாய மூலக்கூறுக்கு நிறம் தருவது அதன் ஒரு பகுதி மட்டும். அந்தப் பகுதி உடைந்தால் போதும், நிறம் போய்விடும். மீதி அங்கேயே கிடக்கும். பின்னலாடைத் துணிக்குப் போடும் சாயங்களில் பல, அசோ வகை. இரண்டு நைட்ரஜன் அணுக்களின் இரட்டைப் பிணைப்புதான் அவற்றின் நிறத்துக்கு மையம். அது ஒடுக்கமடைந்து உடையும்போது கிடைக்கும் அரோமேட்டிக் அமீன்கள் நிறமற்றவையாக இருக்கலாம். அவற்றில் சில புற்றுநோய் உண்டாக்குபவை. சாயத்தைவிடத் துண்டு மோசமானது என்ற நிலை வரலாம். ஒளிவினையூக்கி வினை போதுமான நேரம், போதுமான ஆக்ஸிஜனோடு நடந்தால் அந்தத் துண்டுகளும் மேலும் மேலும் சிதைந்து, கார்பன் டை ஆக்சைடு, நீர், நைட்ரேட், சல்பேட் என்று முடியும். ஆனால் நிறம் போவது முதல் கட்டம். கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டோமா என்பதைக் கண் சொல்லாது. வேதி ஆக்ஸிஜன் தேவையையோ மொத்தக் கரிமக் கார்பனையோ அளந்தால்தான் தெரியும்.

மெத்திலீன் நீலத்தில் இன்னொரு வம்பு. குளுக்கோஸும் காரமும் சேர்ந்த கரைசலில் அதைச் சேர்த்து வைத்தால் நிறம் போகும், குப்பியைக் குலுக்கினால் நீலம் திரும்பி வரும். மேல்நிலை ஆய்வகத்தில் பலர் செய்து காட்டியிருப்பீர்கள். அங்கே சாயம் சிதையவே இல்லை, ஒடுங்கி நிறமற்ற வடிவத்தில் ஒளிந்திருந்தது. எங்கள் முகவையிலும் ஓரளவு அப்படி நடந்திருக்கக் கூடாதா? நான் குலுக்கிப் பார்க்கவே இல்லை. கண்காட்சி நடுவர்களாகப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வேப்பிலை, துளசிச் சாற்றில் வெள்ளி நானோ துகள் செய்து சாயத்தை நீக்கினோம் என்று இப்போது நிறையச் செயல்திட்டங்கள் வருகின்றன. துகள் உண்மையாகவே உண்டாகிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் சாயத்தோடு சோடியம் போரோஹைட்ரைடு சேர்த்தீர்களா என்று கேளுங்கள். சேர்த்திருந்தால் அங்கே நடந்தது பெரும்பாலும் ஒடுக்கம். வெயிலுக்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு.

அடுத்தது உப்பு. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் எங்கள் ஊர்க்காரர் எவரும் இதை எனக்கு முன்பே சொல்லியிருப்பார். பருத்தித் துணியில் சாயம் ஏற, சாயத் தொட்டியில் லிட்டருக்குப் பல பத்து கிராம் உப்பு போடுகிறார்கள். நொய்யல் கரைக் கிணறுகளையும் மண்ணையும் கெடுத்ததில் நிறத்தைவிட இந்த உப்புக்குப் பங்கு அதிகம். சோடியம், குளோரைடு அயனிகளை எந்த ஒளிவினையூக்கியும் சிதைக்காது. சிதைக்க அங்கே கரிமப் பிணைப்பு ஏது? போதாக்குறைக்கு, குளோரைடும் பைகார்பனேட்டும் ஹைட்ராக்சில் தனி உறுப்புகளை இடையில் புகுந்து தின்றுவிடும். அதனால்தான் இன்றைய சாயப்பட்டறைகளில் எதிர்ச் சவ்வூடு பரவலும் ஆவியாக்கிகளும் ஓடுகின்றன. நாம் ஆர்.ஓ. என்கிறோமே, அது. மின்செலவு பிடிக்கும், மலைபோல உப்பு மிஞ்சும், ஆனாலும் அதைத் தவிர்க்க முடியவில்லை.

நான் ஒரு டி.டி.எஸ். மீட்டர் வாங்கினேன். பேனா அளவில் இருக்கும், விலையும் அதிகமில்லை. அந்தப் பெண்ணையே அழைத்து, சாயநீரில் கொஞ்சம் உப்பும் கலந்து, பழைய சோதனையைத் திரும்பச் செய்யவைத்தேன். நீலம் போயிற்று. மீட்டரில் எண் குறையவில்லை. அவள் மீட்டரைத் துடைத்துத் துடைத்து நான்கு முறை பார்த்தாள். பிறகு, “அப்ப விடக் கூடாதுங்க சார்” என்றாள்.

அப்படியானால் இந்த ஆராய்ச்சி வீணா என்று கேட்பீர்கள். இல்லை. இதற்குப் பொருத்தமான இடம் வேறு. கெட்டியான சாயக் கழிவுக்குள் ஒளியே போகாது. நுண்ணுயிர்களைக் கொண்டு சுத்திகரித்த பிறகும் மிக நீர்த்த அளவில் தங்கிவிடுகிற பூச்சிக்கொல்லி, மருந்து எச்சங்கள் இருக்கின்றனவே, அவற்றை உடைக்க இது நல்ல கருவி. தெளிந்த நீர், குறைந்த மாசு, நிறைய வெயில் மூன்றும் வேண்டும். ஸ்பெயினின் அல்மேரியாவில் உள்ள சூரிய ஆற்றல் ஆய்வு மையத்தில், வளைந்த கண்ணாடிகளின் நடுவே குழாய்களில் நீரை ஓடவிட்டு இதைப் பெரிய அளவில் சோதித்திருக்கிறார்கள்.

துகளைத் திரும்பப் பிடிப்பதுதான் அங்கும் இங்கும் உள்ள இன்னொரு சிக்கல். சாதாரண வடிதாளின் துளை சில மைக்ரோமீட்டர் இருக்கும். 25 நானோமீட்டர் துகளுக்கு அது திறந்த வாசல். நீரைச் சுத்தம் செய்யப் போட்ட பொருளே நீரில் தங்கினால்? வெள்ளியாக இருந்தால் அயனியாகவும் கரைந்து வரும். நீர்வாழ் உயிர்களுக்கு அது நஞ்சு. ஆகவே கண்ணாடிமணிகள் மேலும் தகடுகள் மேலும் துகளை ஒட்டவைத்துப் பார்க்கிறார்கள். ஒட்டவைத்தால் அந்த 15 சென்ட் சுருங்கிவிடுகிறது. ஒன்றைப் பிடித்தால் ஒன்று நழுவுகிறது. அறிவியல் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

வகுப்பில் என்ன செய்யலாம்? தொடக்கப் பள்ளி நண்பர்களே, உங்களுக்கு நானோ வேண்டாம். மை கலந்த நீரை அடுப்புக்கரித் தூள் வழியே வடிகட்டுங்கள். நிறம் குறைந்ததும், “மை எங்கே போச்சு?” என்று மட்டும் கேளுங்கள். ‘கரிக்குள்ள’ என்று ஒரு பிள்ளை சொல்லிவிட்டால் போதும். அழுக்கு இடம் மாறியதா, உருமாறியதா, இல்லாமல் போயிற்றா என்ற கேள்வி அந்த வயதிலேயே விதைக்கப்பட்டுவிடும்.

உயர்நிலைக்கு நான்கு கண்ணாடி டம்ளர்கள். நான்கிலும் ஒரே அளவு, மிக நீர்த்த மெத்திலீன் நீலம். இரண்டில் துத்தநாக ஆக்சைடு, இரண்டில் இல்லை. ஒவ்வொரு வகையிலும் ஒன்று வெயிலில், ஒன்று கருப்புத்தாள் சுற்றி அதே வெயிலில். பொடி போட்ட இரண்டையும் முதலில் அரைமணி நேரம் இருட்டில் வைத்துவிடுங்கள், பொடி தன் மேல் ஒட்டவைத்துக்கொள்ளும் சாயம் அப்போதே ஒட்டிவிடட்டும். இல்லாவிட்டால் பரப்புக் கவர்தலை வினை என்று எண்ணி ஏமாறுவோம். பொடி இல்லாமல் வெயில் மட்டும் பட்டதும் சற்று வெளுக்கும். அது தெரியாமல் எல்லாப் பெருமையையும் பொடிக்குக் கொடுத்தவன் நான். நிறத்தை அளக்க நிறமானி வேண்டாம். கரைசலைப் பாதி, கால், அரைக்கால் என்று நீர்த்து வரிசையாக வைத்து ஒப்பிட்டால் போதும். கடைசியில் நிறம் போனதை மூடிக் குலுக்குங்கள்.

அந்தப் பெண் அடுத்த ஆண்டு இதே நான்கு டம்ளர்களோடு கண்காட்சிக்குப் போனாள். அட்டையின் கீழ்ப்பாதியில் ‘இதனால் முடியாதவை’ என்று அவளாகவே ஒரு பத்தி எழுதி, மீட்டர் எண்களையும் போட்டிருந்தாள். பரிசு வரவில்லை. ஒரு நடுவர் மட்டும் அதன் முன் நாற்காலி போட்டு உட்கார்ந்து நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்.

நேரமாகிவிட்டது, தேநீர் ஆறுகிறது. காலை ஒன்பதரை மணிக்கே நான்கு டம்ளர்களை இந்தக் கட்டடத்தின் மொட்டை மாடியில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். பதினொரு மணிக்கு மேல் மேகம் போட்டதைக் கவனித்தேன், என்ன ஆகியிருக்கிறதோ எனக்கும் தெரியாது. ஏறுவதற்கு முன், எது எவ்வளவு வெளுத்திருக்கும் என்று ஆளுக்கொரு தாளில் எழுதி வையுங்கள். பார்த்து முடித்ததும் நீரைக் கைகழுவும் தொட்டியில் கொட்டிவிடாதீர்கள், மாடிக் கதவருகே அதற்கென்று ஒரு வாளி வைத்திருக்கிறேன்.